வரிசையில் நிற்பவன் கொடுக்கும் விலை

(ராபர்ட்சன்பேட்டையில் நடந்த சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய காரை மாற்றுவதில் உள்ள தொல்லைகளைப் பற்றிப் பேசும்படி சங்கம் என்னைக் கேட்டுக் கொண்டது. தலைவர் பேச்சின் பொருளை அறிவித்த உடனேயே, பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "சோத்துக்கே சிங்கி அடிக்கிற ஊருல காரைப் பத்திப் பேச வந்துட்டாரு" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் நம் சுரங்கம் மூடப்பட்டது. 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி தோண்டத் தொடங்கிய காலம் முதல், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் பாட்டன்மார் வந்து இறங்கிய ஊர் இது. அன்றைக்கு வேலை வாசலிலேயே இருந்தது. சங்கு ஊதினால் நடந்தே ஷிப்டுக்குப் போனார்கள். இன்றைக்கு வேலை பெங்களூரில் இருக்கிறது. வீடு மட்டும்தான் இங்கே இருக்கிறது. விடியும் முன்னே மாரிகுப்பம் ரயிலைப் பிடிக்க ஓடுகிறோம். இருட்டிய பின் திரும்புகிறோம்.

ரயில் இல்லாத நேரத்தில் என்ன செய்வது? பிரசவ வலியும் நெஞ்சு வலியும் ரயில்வே கால அட்டவணையைப் பார்த்து வருவதில்லை. சுரங்கம் மூடியபின் சுரங்க மருத்துவமனையும் மூடிக் கிடந்தது. நள்ளிரவில் கோலாருக்கோ பெங்களூருக்கோ ஓட வேண்டிய நிலை. அதற்காகத்தான் நம் லைன் வீடுகளின் முன்னால் மூன்று கை, நான்கு கை மாறிய பழைய கார் ஒன்று நிற்கிறது. அண்ணன் தம்பிகள் சேர்ந்து வாங்கியது. தெருவுக்கே அதுதான் ஆம்புலன்ஸ். இன்னொரு பக்கம், காரே தொழிலாக பெங்களூரில் வாடகை வண்டி ஓட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சுரங்கத்தில் அப்பனுக்குக் கடப்பாரை எப்படியோ, மகனுக்குக் கார் அப்படி. கடப்பாரை தேய்ந்தால் மாற்றித்தானே ஆக வேண்டும்? ஆகவே பெரியவரே, நான் பேசுவது பணக்காரன் பங்களாவில் நிற்கும் காரைப் பற்றி அல்ல.

நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு பொருள் போதுமான அளவு கிடைக்காதபோது, யார் காத்திருக்க வேண்டும் என்பதைப் பணமும் செல்வாக்கும் தீர்மானிக்கின்றன. காத்திருப்பும் ஒரு விலைதான். அந்த விலை பில்லில் அச்சாவதில்லை. அதைக் கட்டுகிறவன் பெரும்பாலும் தொழிலாளி.

அன்றைய வரிசை

நம் நாட்டில் 1951-இல் தொழில்கள் அபிவிருத்தி, ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. என்ன உற்பத்தி செய்வது, எத்தனை உற்பத்தி செய்வது என்பதற்கெல்லாம் லைசென்ஸ் வேண்டும். கார் என்றால் மூன்றுதான். வங்காளத்து உத்தர்பாராவிலிருந்து அம்பாசிடர், பம்பாய் குர்லாவிலிருந்து ஃபியட், நம் சென்னையிலிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1980 வாக்கில் 68 கோடி மக்கள் வாழ்ந்த நாட்டில், ஆண்டுக்குச் சுமார் 30 ஆயிரம் கார்களே உற்பத்தியாயின.

ஆகவே வரிசை உண்டாயிற்று. காரின் விநியோகத்துக்கு 1959-இல் ஒரு கட்டுப்பாட்டு ஆணை. ஸ்கூட்டருக்கு 1960-இல் ஒரு கட்டுப்பாட்டு ஆணை. பதிவு செய்ய வேண்டும், முன்பணம் கட்ட வேண்டும், காத்திருக்க வேண்டும். பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பத்து ஆண்டு வரை காத்திருந்தவர்கள் உண்டு. மகன் பள்ளிக்கூடத்தில் சேரும்போது பதிவு செய்தால், அவன் பள்ளி இறுதித் தேர்வு எழுதும்போது வண்டி வரும்.

அந்த வரிசையாவது நேராக இருந்ததா? இல்லை. அரசுக்கு ஒதுக்கீடு தனி. அந்நியச் செலாவணி கொடுப்பவருக்கு வழி தனி. ஒதுக்கீட்டில் வண்டி பெற்றவன் மறுநாளே அதைக் கூடுதல் விலைக்கு விற்றான். அதற்குப் பெயர் 'பிரீமியம்'. புது ஸ்கூட்டரின் விலையைவிட ஓடிய ஸ்கூட்டரின் விலை அதிகம்! ஏன்? புதியதற்குப் பத்து ஆண்டு காத்திருக்க வேண்டும்; பழையது இன்றே கிடைக்கும். காத்திருப்புக்கு விலை உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அரசு தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிற்று. எஃகும் அந்நியச் செலாவணியும் அணைகளுக்கும் மின் நிலையங்களுக்கும் வேண்டும். காருக்கு அல்ல என்றது. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் உற்பத்தியையும் பெருக்காமல், பேருந்தையும் பெருக்காமல், விலையை மட்டும் காகிதத்தில் கட்டி வைத்தால் என்ன நடக்கும்? அரசு விலைக்கும் சந்தை விலைக்கும் நடுவே ஒரு இடைவெளி விழும். அந்த இடைவெளியில் தரகன் வந்து உட்காருவான். 1969-இல் அரசு கார் விலையை நிர்ணயித்தபோது கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. கம்பெனிக்கு வழக்கறிஞர் உண்டு. தரகனுக்கு ஆள் பலம் உண்டு. வரிசையில் நின்றவனுக்கு யார் இருந்தார்கள்?

பிறகு 1983-இல் மாருதி வந்தது. 10 ஆயிரம் ரூபாய் முன்பணம் கட்டி ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள். ஒரு இலட்சம் பேர் என்று வைத்துக் கொண்டாலே 100 கோடி ரூபாய். அந்த ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள்தான் முதல் காரின் சாவி கைமாறியது. அதற்கு முன்பே பொதுமக்களின் பணம் 100 கோடிக்கு மேல் கம்பெனியின் கையில்!

இது முதலாளித்துவத்துக்கு மட்டும் உரிய நோய் என்று சில தோழர்கள் நினைக்கலாம். கிழக்கு ஜெர்மனியில் டிராபண்ட் என்ற சிறு காருக்கு மக்கள் பத்து ஆண்டுக்கு மேலும் காத்திருந்தார்கள். அங்கேயும் பழைய கார் புதிய காரைவிட விலை கூடுதல். கொடியின் நிறம் எதுவானாலும், வரிசையைக் கண்காணிக்க மக்கள் இல்லாவிட்டால் இதுதான் கதி.

இன்றைய வரிசை

1993-இல் காருக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றார்கள். புதுப்புதுக் கம்பெனிகள் வந்தன. வரிசை ஒழிந்தது, இனி வாங்குபவனே ராஜா என்றார்கள். 2021-இல் என்ன ஆயிற்று?

2020-இல் கொரோனா ஊரடங்கின்போது, வியாபாரம் இராது என்று கார் கம்பெனிகள் மின்னணுச் சில்லுக்குக் கொடுத்த ஆர்டர்களை ரத்து செய்தன. சில்லு என்பது நகத்தளவு பொருள். காரின் எஞ்சின், பிரேக், காற்றுப்பை எல்லாவற்றுக்கும் மூளை அதுதான். சில்லுத் தொழிற்சாலைகள் செல்போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் திரும்பிவிட்டன. கார் வியாபாரம் மறுபடி எழுந்தபோது சில்லு இல்லை. 2021 மார்ச்சில் ஜப்பானில் ஒரு சில்லுத் தொழிற்சாலை தீப்பிடித்தது. தைவானில் வறட்சி, மலேசியாவில் ஊரடங்கு. 2021 செப்டம்பரில் மாருதியின் உற்பத்தி வழக்கத்தில் சுமார் 40 விழுக்காடாக இறங்கியது. 2022-இல் அந்த ஒரு கம்பெனியிடம் மட்டும் பதிவு செய்து காத்திருந்தவர்களின் எண்ணிக்கை 4 இலட்சத்தைத் தாண்டியது. வேறு கம்பெனிகளின் சில வண்டிகளுக்கு ஓராண்டுக்கு மேலும் காத்திருந்தார்கள்.

காத்திருந்த காலத்தில் விலை காத்திருந்ததா? 2021 ஜனவரி முதல் 2022 மார்ச் வரை மாருதி தன் விலைகளைச் சுமார் 8.8 விழுக்காடு உயர்த்தியது. எஃகு, தாமிர விலை ஏறிவிட்டது என்பது கம்பெனி சொன்ன காரணம். பதிவுச் சீட்டின் பின்னால் பொடி எழுத்தில் ஒரு விதி இருக்கும்: 'வண்டி கொடுக்கும் நாளில் உள்ள விலையே செல்லும்.' தாமதம் உற்பத்தியாளனுடையது, விலையேற்றம் வாங்குபவனுடையது. இது என்ன நியாயம், தோழர்களே? ரயிலில் இரண்டு மாதம் முன்பே டிக்கெட் வாங்கியவரிடம், ரயில் கிளம்பும் நாளில் 'கட்டணம் ஏறிவிட்டது, மிச்சத்தைக் கட்டு' என்று கேட்டால், புக்கிங் குமாஸ்தாவாகிய என்னைப் பயணிகள் சும்மா விடுவார்களா?

இந்தக் காலத்தில்தான் பழைய காரின் விலையும் ஏறியது. நம்மைப் போன்றவர் வாங்குவது பழையதுதான். புதியது கிடைக்காதவன் பழைய கார்ச் சந்தைக்கு இறங்கி வருகிறான். அங்கே ஏற்கெனவே நிற்கும் ஏழை இன்னும் பழைய வண்டிக்குத் தள்ளப்படுகிறான்.

கடல் கடந்தும் இதே கதை

நம் ஜில்லாக்களிலிருந்து ஒரு கூட்டம் இந்த வயலுக்கு வந்ததைப் போலவே, இன்னொரு கூட்டம் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போயிற்று. அந்த நாட்டில் அந்நியச் செலாவணி தீர்ந்துபோய், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதிக்குத் தடை போட்டார்கள். தனியார் வாகனங்களுக்கு அது நீங்கியது 2025 பிப்ரவரியில்தான். கிட்டத்தட்ட ஐந்து ஆண்டு! அதற்குள் ஓடித் தேய்ந்த கார்கள் வாங்கிய விலைக்கு மேல் விற்றன. 2022-இல் பெட்ரோலுக்கும் பங்கீடு வந்தது. முதலில் வாரத்துக்குக் காருக்கு 20 லிட்டர், ஆட்டோவுக்கு 5 லிட்டர். பிழைப்புக்கு ஓடும் ஆட்டோவுக்கு 5. வீட்டுக் காருக்கு 20. யார் காத்திருக்க வேண்டும் என்பதை எவர் தீர்மானித்தார்கள் என்று இந்தக் கணக்கே சொல்லும்.

சிங்கப்பூரில் வரிசையும் இல்லை, தடையும் இல்லை, ஏலம் இருக்கிறது. 1990 முதல் அங்கே கார் வாங்குவதற்கு முன் உரிமைச் சான்றிதழ் ஒன்றை ஏலத்தில் எடுக்க வேண்டும். அது பத்து ஆண்டுதான் செல்லும். 2023 அக்டோபரில் சிறிய காருக்கான சான்றிதழே ஒரு இலட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டியது. காரின் விலை அதற்கு மேல்! அதே தீவில், கட்டட வேலைக்குப் போன நம் பிள்ளைகளை லாரியின் பின்புறத்தில் உட்கார வைத்து வேலைக்கு ஏற்றிச் செல்கிறார்கள். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஊரில் பேருந்தும் மின்சார ரயிலும் ஒழுங்காக ஓடுகின்றன. கார் இல்லாதவன் அங்கே நடுத்தெருவில் நிற்பதில்லை. இந்த இடத்தை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத்தான் வரப் போகிறேன்.

விலை எங்கெங்கே ஏறுகிறது

கடையில் சொல்லும் விலை ஒன்று. வண்டி தெருவுக்கு வரும்போது ஆகும் விலை வேறு. கர்நாடகத்தில் புதுக் காருக்கு ஆயுள் வரி 5 இலட்சம் வரை 13 விழுக்காடு, 10 இலட்சம் வரை 14, 20 இலட்சம் வரை 17, அதற்கு மேல் 18 என்ற கணக்கில் வசூலிக்கப்பட்டு வந்திருக்கிறது. நாட்டிலேயே அதிகமான விகிதங்களில் இது ஒன்று. 6 இலட்ச ரூபாய் காருக்கு 84 ஆயிரம் ரூபாய் வரி. அதன்மேல் செஸ் தனி. பிறகு இன்சூரன்ஸ். கோடீசுவரனின் காருக்கு 18, தொழிலாளியின் காருக்கு 13 என்றால், இரண்டுக்கும் நடுவே வெறும் 5 விழுக்காடுதான் வித்தியாசம்.

நல்லது நடந்தால் அதையும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு மத்திய வரி குறைந்தது. 100 ரூபாய் சரக்கு வரியோடு சேர்ந்து 129 ரூபாயாக இருந்தது, 118 ஆயிற்று. ஆட்டோவுக்கும் 28 விழுக்காடு 18 ஆகக் குறைந்தது. இது பயன் தரும் குறைப்புத்தான்.

அன்று வரிசையில் வருடங்களைக் கொடுத்தோம். இன்று தவணையில் கொடுக்கிறோம். 'உடனே சாவி, ஏழு வருடத் தவணை' என்று பலகை வைக்கிறார்கள். 5 இலட்சம் கடன், ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டி என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். ஐந்து ஆண்டில் கட்டினால் மாதம் சுமார் 10,620 ரூபாய். வட்டி மட்டும் ஏறத்தாழ 1 இலட்சத்து 37 ஆயிரம். ஏழு ஆண்டில் கட்டினால் மாதம் சுமார் 8,300 ரூபாய். வட்டி ஏறத்தாழ 1 இலட்சத்து 97 ஆயிரம். மாதத்தில் 2,300 ரூபாய் குறைகிறதே என்று மகிழ்ந்தவன் முடிவில் 60 ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறான். கடைக்காரன் மாதக் கணக்கை மட்டும்தான் சொல்வான். மொத்தக் கணக்கை நாம்தான் கேட்க வேண்டும். வீட்டுக் கணக்கை வைத்திருக்கும் தாய்மார்கள் கடைக்குக் கூடவே போக வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பழைய வண்டி உள்ளவர்கள் கவனத்துக்கு

வண்டிக்கு 15 வயது ஆகிவிட்டால் எடைக்குப் போட்டே தீர வேண்டும் என்று பலர் பயமுறுத்துகிறார்கள். டில்லியின் சட்டம் வேறு. நம் ஊரில் சொந்த வண்டியின் பதிவைத் தகுதிச் சோதனை முடித்து, ஐந்து ஐந்து ஆண்டாக நீட்டிக்கலாம். ஆனால் கட்டணம் ஏறிவிட்டது. காருக்கு 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். மோட்டார் சைக்கிளுக்கு 300-இலிருந்து 1,000. 20 ஆண்டு கடந்த காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கினார்கள். மோட்டார் சைக்கிளுக்கு 2,000.

பதிவு முடிவதற்கு முந்தைய 60 நாளுக்குள் 25-ஆம் எண் படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும். தவறினால் காருக்கு மாதம் 500 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும். இன்றைக்கே வீட்டுக்குப் போனதும் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

வண்டி இனி ஓடாது என்றால், பழைய இரும்புக் கடையில் தள்ளிவிட்டு வந்துவிடாதீர்கள். ஆர்.சி. உங்கள் பெயரிலேயே நிற்கும். அதன் எஞ்சினோ நம்பர் பலகையோ எங்காவது குற்றத்தில் சிக்கினால் போலீஸ் உங்கள் வாசலுக்குத்தான் வரும். அரசு பதிவு பெற்ற உடைப்புக் கூடத்தில் கொடுத்து ஒப்படைப்புச் சான்றிதழ் வாங்குங்கள். அதைக் காட்டினால், புதிய சொந்த வண்டிக்குச் சாலை வரியில் 25 விழுக்காடு வரை சலுகை தரலாம் என்று மத்திய விதி சொல்கிறது. கடைக்குப் போகும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று எழுதிக் கொள்ளுங்கள்.

எல்லையில் வாழும் நமக்கு இன்னொரு எச்சரிக்கை. ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர்ப் பக்கம் உறவினர் மூலம் தமிழ்நாட்டுப் பதிவு வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவோர் உண்டு. அதை இங்கே நிரந்தரமாக ஓட்டினால் கே.ஏ. 08 பதிவுக்கு மாற்ற வேண்டும். கர்நாடக வரியும் கட்ட வேண்டும். அந்த வரியைச் சேர்த்துப் பார்த்தால் மலிவு என்பது காணாமல் போய்விடலாம். தடையின்மைச் சான்றும், கடன் தீர்ந்ததற்கான வங்கிக் கடிதமும் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

நாம் கேட்க வேண்டியவை

தனித்தனியாகப் போனால் கடைக்காரன் முன் நாம் ஒரு வாடிக்கையாளர். சேர்ந்து போனால் ஒரு சங்கம். ஆகவே சில கோரிக்கைகளை முன்வைக்கிறேன். விவாதித்து முடிவு செய்யுங்கள்.

முதலாவது, பதிவு செய்த நாளின் விலையே செல்ல வேண்டும். தாமதம் கம்பெனியுடையது என்றால், ஏறிய விலையும் கம்பெனியுடையதே.

இரண்டாவது, குறித்த நாளில் வண்டி வராவிட்டால் முன்பணத்துக்கு வட்டி தர வேண்டும். நாம் ஒரு தவணை தவறினால் அபராத வட்டி போடுகிறார்களே, அதே நீதி அவர்களுக்கும் பொருந்தட்டும்.

மூன்றாவது, பதிவு வரிசையைக் கடையில் பலகையில் எழுதி வைக்க வேண்டும். பெயர் வேண்டாம், பதிவு எண் போதும். பின்னால் வந்தவன் முன்னால் போனால் எல்லோருக்கும் தெரியட்டும்.

நான்காவது, வாடகை வண்டியும் ஆட்டோவும் ஓட்டிப் பிழைக்கும் ஒற்றை வண்டிக்காரர்களுக்குப் பதிவு நீட்டிப்பு, தகுதிச் சோதனைக் கட்டணங்களைக் குறைக்க வேண்டும். பத்து கார் வைத்திருப்பவனும் பத்து வீட்டுக்கு ஒரு கார் வைத்திருப்பவனும் ஒரே கட்டணமா?

ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. பங்காருபேட்டையிலிருந்து மாரிகுப்பத்துக்கு 1894-இல் ரயில் பாதை போட்டார்கள். வெள்ளைக்காரன் தங்கத்துக்காகவும் இயந்திரத்துக்காகவும் போட்ட பாதை அது. இன்று அதில் போவது தங்கம் அல்ல, நம் உழைப்பு. அந்தப் பாதையில் கூடுதல் வண்டிகள் வேண்டும், கூடுதல் பெட்டிகள் வேண்டும், பின்னிரவிலும் ஒரு வண்டி வேண்டும். ஊருக்குள் இருபத்து நான்கு மணி நேரமும் மருத்துவர் இருக்கும் மருத்துவமனை வேண்டும். இவை இருந்தால் நம்மில் பாதிப் பேருக்குப் பழைய காரை மாற்ற வேண்டிய அவசரமே இராது. ஏழு வருடக் கடனும் இராது. கார் வேண்டும் என்பவன் வாங்கட்டும். கார் இல்லாததால் ஒரு பிரசவப் பெண் வழியில் சாகக் கூடாது. அவ்வளவுதான் நாம் கேட்பது.

ரயில்வேயில் வேலை பார்த்துக் கொண்டே ரயில் வேண்டும் என்று கேட்கிறாயே என்று சிலர் என்னைக் கேட்டதுண்டு. டிக்கெட் ஜன்னலின் உட்புறத்தில் உட்கார்ந்திருப்பதால்தான் வெளியே வரிசை எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரிகிறது என்று சொன்னேன்.

கோரிக்கை மனு மேசையில் இருக்கிறது. தமிழிலும் கன்னடத்திலும் எழுதியிருக்கிறோம். இந்தத் தொல்லை நம் கன்னட, தெலுங்கு, உருதுத் தோழர்களுக்கும் உண்டு. அவர்கள் கையெழுத்தையும் வாங்குங்கள். போகும் முன் ஒவ்வொருவரும் கையெழுத்திடுங்கள். ஆர்.சி. புத்தகத் தேதி தவறியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். படிவம் நிரப்பித் தர ஆள் இருக்கிறது.